பேறுகால அறையின் வாசலில்: இந்தியாவில் கத்தோலிக்கக் கருவுயிர் அறத்தின் வரலாறு

1909ஆம் ஆண்டில், 72 வயதான ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர் ஒருவர் கடல் கடந்து இராவல்பிண்டிக்கு வந்தார். அவர் பெயர் ஆக்னஸ் மெக்லாரன். அன்றைய பிரித்தானிய இந்தியாவின் வடமேற்கில் இருந்த அந்நகரில், பர்தா முறையைக் கடைப்பிடித்த குடும்பங்களின் பெண்கள் ஆண் மருத்துவரை நாடுவதில்லை. பேறு சிக்கலானால் மருத்துவரை அழைப்பதற்கே வழியின்றித் தாயும் சேயும் ஒருங்கே மாண்டனர். அப்பெண்களுக்கென உருவான புனித கத்தரீன் மருத்துவமனைக்கு மெக்லாரன் நிதி திரட்டித் தந்தார். அங்கே செவிலிப் பணிக்கு அருள்சகோதரியர் முன்வந்தனர். ஆயினும் பிரசவம் பார்க்கும் பணி மட்டும் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. விலக்கியது அரசும் அன்று, உள்ளூர் வழக்கமும் அன்று. திருச்சபையின் சொந்த விதி.

இதன் முரண் விளங்க 40 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1869இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ், கருக்கலைப்புக்கான திருச்சபைத் தண்டனையைத் திருத்தியமைத்தார். அதுவரை கருவுக்கு ஆன்மா எப்பொழுது வந்து சேர்கிறது என்ற வினாவை ஒட்டி, உயிர் பெற்ற கரு, உயிர் பெறாத கரு என்னும் பாகுபாடு சட்டத்தில் நிலவியது. 1588இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அப்பாகுபாட்டை நீக்கினார். மூன்றே ஆண்டுகளில், 1591இல், பதினான்காம் கிரகோரி அதை மீட்டார். 1869இன் ஆணையோ எந்த நிலையில் இருக்கும் கருவை அழித்தாலும் சபைநீக்கம் என்று வகுத்தது. பிறவாத உயிரைக் காப்பதில் கத்தோலிக்க மரபு தன் நிலையை இவ்வளவு இறுக்கமாக வரையறுத்த அதே காலத்தில், அந்த உயிர் பிறக்கும் அறைக்குள் தன் மகளிர் நுழைவதையும் அது தடுத்துவந்தது. 1901இல் துறவற சபைகளுக்கென உரோமை வகுத்த நெறிமுறைகளும், 1917இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இத்தடையை உறுதி செய்தன.

கருக்கலைப்பு குறித்த கத்தோலிக்க நிலைப்பாடு இந்தியாவில் பேசப்படும்போதெல்லாம் அது தடை ஒன்றின் வரலாறாகவே பேசப்படுகிறது. எதிர்ப்போரும் ஆதரிப்போரும் ஒரே இடத்திலிருந்தே தொடங்குகின்றனர்: திருச்சபை எதை மறுக்கிறது? அந்த அறம் தாயின் படுக்கையருகே எப்பொழுது, யார் வழியாக, எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. பிறவாத குழந்தைக்கான ஆதரவு என்பதன் பொருளையே இந்த இரண்டாம் வரலாறுதான் மாற்றியமைத்தது.

தடையின் வேர்

குருக்கள் அறுவை மருத்துவத்தில் ஈடுபடலாகாது என்ற விதி மிகப் பழையது. 1215இன் நான்காம் இலாத்தரன் சங்கமே அதை வகுத்திருந்தது. பின்னர் அது துறவியருக்கும் விரிந்தது. பெண் துறவியர் விஷயத்தில் இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொண்டது. கன்னிமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் பிரசவ அறையில் இருப்பது அவர்களுடைய வாழ்வு நிலைக்குப் பொருந்தாது என்று கருதப்பட்டது. நோயாளிகளையும் முதியோரையும் அநாதைகளையும் பேணிய சபைகள் எண்ணற்றவை. ஆனால் கருவுற்ற பெண்ணின் படுக்கையருகே நிற்பது தூய்மைக்கு ஊறு என்று அஞ்சப்பட்டது.

ஐரோப்பாவில் இத்தடையின் விளைவு பெரிதாக வெளிப்படவில்லை. அங்கே பேறு பார்க்க வேறு பலர் இருந்தனர். இந்தியாவில் அதன் விலை உயிர்களாகக் கணக்கிடப்பட்டது. சீர்திருத்தச் சபைகளுக்கு அத்தகைய தடை இல்லை. அமெரிக்கரான கிளாரா ஸ்வெய்ன் 1870லேயே பரேலிக்கு வந்து பெண்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1885இல் டஃப்பரின் நிதி தோன்றி, பெண் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதையும் பெண்களுக்கான மருத்துவமனைகளை அமைப்பதையும் மேற்கொண்டது. 1894இல் எடித் பிரவுன் லூதியானாவில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர் மருத்துவம் கற்றுத் திரும்பி வேலூரில் பணி தொடங்கிய கதை தமிழகம் நன்கறிந்தது. திண்டிவனத்தில் ஒரு மறைபரப்பாளர் மகளை மருத்துவராக்கிய அதே அவலம், இராவல்பிண்டியில் அருள்சகோதரியரைக் கைகட்டி நிற்கச் செய்தது. வேறுபாடு இரக்கத்தில் இல்லை, விதியில் இருந்தது.

மெக்லாரனின் விண்ணப்பம்

மெக்லாரன் பிறவியிலேயே கத்தோலிக்கர் அல்லர். எடின்பரோவின் சீர்திருத்தச் சபை அரசியல் குடும்பம் ஒன்றில் 1837இல் பிறந்தவர். பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில் பிரான்சின் மோன்பெல்லியே சென்று 1878இல் பட்டம் பெற்றார். 1898இல், தம் 61ஆம் வயதில், கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். வெளியிலிருந்து வந்ததாலேயே, உள்ளேயிருந்தோர் பழகிப்போன முரண் அவர் கண்ணுக்குத் தெளிவாகப் பட்டது எனலாம்.

அவர் உரோமைக்குப் பலமுறை சென்று திருப்பீடத்திடம் முறையிட்டார். அருள்சகோதரியர் மருத்துவம் பயிலவும் மகப்பேறு பார்க்கவும் இசைவு தர வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. இசைவு கிடைக்கவில்லை. 1913 ஏப்ரல் 17இல் அவர் மறைந்தபோது தடை அப்படியே இருந்தது. அவர் விட்டுச்சென்றவை ஒரு சிறிய மருத்துவமனையும் சில கடிதங்களும் ஒரு சிறுநூலுக்கு வேண்டிய வாழ்க்கை வரலாறுமே. அவற்றிலிருந்து இரண்டு தனித்தனிக் கிளைகள் முளைத்தன.

இரண்டு வாரிசுகள்

முதற்கிளை ஆஸ்திரேலியாவில் முளைத்தது. மெல்போர்னில் மருத்துவராகப் பணியாற்றிவந்த மேரி குளோரி 1915இல் மெக்லாரனைப் பற்றிய அந்தச் சிறுநூலைப் படித்தார். மகப்பேறு, பெண்கள் நலம், கண் மருத்துவம் ஆகியவற்றில் மேற்பட்டம் பெற்ற பின், 1920இல் ஆந்திரத்தின் குண்டூருக்கு வந்து, இயேசு மரி யோசேப்பு சபையில் சேர்ந்தார். மருத்துவம் பார்த்தவாறே துறவியாக வாழ அவருக்குத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டின் தனி அனுமதி தேவைப்பட்டது, கிடைத்தது. பொதுவிதி மாறாத நிலையில், ஒரே ஒருவருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவர் குண்டூரில் சிறிய மருந்தகம் ஒன்றைப் புனித யோசேப்பு மருத்துவமனையாக வளர்த்தெடுத்தார். உள்ளூர்ப் பெண்களை மருத்துவச்சிகளாகவும் செவிலியராகவும் பயிற்றுவித்தார். ஒரு மருத்துவரால் ஒரு மாவட்டத்தின் பிரசவங்களைப் பார்க்க இயலாது. பத்துப் பெண்களைப் பயிற்றினால் அவர்கள் ஊர்களுக்குத் திரும்பிச் செல்வார்கள். இவ்வெளிய கணக்கே பின்னாளில் கத்தோலிக்க மருத்துவப் பணியின் அடித்தளமாயிற்று.

இரண்டாம் கிளை ஆஸ்திரியாவின் திரோல் மலைநாட்டில் முளைத்தது. 1892இல் பிறந்த அன்னா டெங்கல், மெக்லாரனை நேரில் கண்டதேயில்லை. கடிதத் தொடர்பு மட்டுமே இருந்தது. மெக்லாரனின் அறிவுரைப்படி அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் கற்று, 1919இல் பட்டம் பெற்று, 1920இல் இராவல்பிண்டிக்கு வந்தார். மெக்லாரன் கண்ட அதே காட்சியை அவரும் கண்டார்: காலங்கடந்து கொண்டுவரப்பட்ட தாய்மார், உதவ விரும்பியும் உதவ இயலாத சகோதரியர். சில ஆண்டுகள் அங்கே உழைத்த பின், விதியை மாற்றாமல் இப்பணி நிலைக்காது என்ற முடிவுக்கு வந்தார்.

குளோரி விலக்குப் பெற்று உள்ளே நுழைந்தார். டெங்கல் விதியின் ஓரத்திலேயே ஒரு சபையைக் கட்டினார். 1925 செப்டம்பர் 30 அன்று வாஷிங்டனில் ஒரு மருத்துவரும் இரண்டு செவிலியரும் அவருடன் சேர, மருத்துவ மறைபரப்புச் சகோதரியர் குழு பிறந்தது. பொதுவில் வார்த்தைப்பாடு எடுத்தால் திருச்சபைச் சட்டத்தின் தடை அவர்கள்மேல் பாயும். ஆகவே அவர்கள் வார்த்தைப்பாடு எடுக்கவில்லை. துறவியரைப் போல வாழ்ந்தனர், சட்டத்தின் பார்வையில் துறவியராக இல்லை. 1927இல் இராவல்பிண்டியில் அவர்களது திருக்குடும்ப மருத்துவமனை எழுந்தது. தாய்மாரின் உயிரைக் காக்கும் பொருட்டுத் தங்கள் நிலைக்குரிய ஏற்பினைப் பதினோர் ஆண்டுகள் விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள்.

1936

1936 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். அன்று மறைபரப்புப் பேராயம் அறிவுறுத்தல் ஒன்றை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் தாய்மாரும் குழந்தைகளும் படும் துன்பத்தைச் சுட்டிக்காட்டி, மகப்பேறு உட்பட மருத்துவப் பணிகளில் பெண் துறவியர் முழுமையாக ஈடுபடலாம், அதற்கென மருத்துவப் பட்டமும் செவிலிப் பட்டமும் பெறலாம் என்று அது அனுமதித்தது. அப்பேராயத்தின் தலைவராக அப்போது இருந்தவர் கர்தினால் பியெத்ரோ ஃபுமசோனி பியோந்தி. 1916 முதல் 1919 வரை அவர் இந்தியப் பகுதிக்கான திருத்தூதுப் பேராளராக இருந்தவர்.

இம்மாற்றத்தின் போக்கு கவனத்துக்குரியது. இறையியல் நூல் ஒன்றிலிருந்து அது தோன்றவில்லை. இராவல்பிண்டியிலும் குண்டூரிலும் பிரசவம் பார்த்த பெண்களின் பட்டறிவு உரோமைக்குச் சென்று விதியை மாற்றியது. பழைய விதிக்கு வார்த்தைப்பாடு கொடுத்தவரின் தூய்மை முதன்மையாக இருந்தது. புதிய விதிக்குத் தாயின் தேவை முதன்மையாயிற்று. கருவுயிர் புனிதம் என்ற போதனை ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கைகளும் கருவிகளும் கிடைத்தது 1936இல்தான்.

மருத்துவமனைக்குள் அறம்

பேறுகால அறைக்குள் நுழைந்த பின், கோட்பாடு நாள்தோறும் சோதனைக்கு உள்ளாயிற்று. தாயா சேயா என்ற நிலை வந்தால் திருச்சபை சேயையே காக்கச் சொல்லும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது, இன்றும் இருக்கிறது. 1951இல் பன்னிரண்டாம் பயஸ் இதற்கு விடையளித்தார். தாயின் உயிரைவிடச் சிசுவின் உயிருக்கு முன்னுரிமை என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. இரண்டில் எதையும் நேரடியாக அழிக்கலாகாது என்பதே போதனை என்று விளக்கினார்.

இவ்வறத்தின் செயல்முறையை நுட்பமாக அறிந்தாலன்றி அதன் வலிமையும் இடுக்கண்ணும் விளங்கா. கருவுற்ற பெண்ணின் கருப்பையில் புற்றுநோய் கண்டால் கருப்பையை அகற்றலாம். கரு அழிவது முன்னறியப்பட்ட விளைவே தவிர நோக்கம் அன்று. இரட்டை விளைவுக் கோட்பாடு என்று இதனை அழைப்பர். கருக்குழாயில் கரு தங்கிவிடும் நிலையில் நீண்டகாலம் குழப்பம் நிலவியது. 1933இல் இயேசு சபை இறையியலாளர் லிங்கன் பௌஸ்கேரன், சிதைந்த நிலையிலுள்ள குழாயை அகற்றுவது நேரடிக் கருக்கலைப்பு ஆகாது என்று வாதிட்டார். அந்நிலைப்பாடு பின்னர்க் கத்தோலிக்க மருத்துவமனைகளில் ஏற்கப்பட்டது. வன்புணர்வால் கருவுற்ற பெண்ணுக்கும், வாழ வாய்ப்பில்லாக் கருவைச் சுமக்கும் பெண்ணுக்கும் இக்கோட்பாடு வழி திறப்பதில்லை. அவ்விடங்களில் அது தாயிடம் மிகப் பெரிய சுமையைக் கேட்கிறது. அச்சுமையைக் கேட்கும் நிறுவனம் எவ்வளவு பகிர்ந்துகொள்கிறது என்பதே அதன் நேர்மைக்கான உரைகல்.

மறைபரப்பின் நோக்கங்கள் கலப்பற்றவையாக இருந்தன என்றும் கொள்ள இயலாது. இறக்கும் தறுவாயிலுள்ள சிசுவுக்குத் திருமுழுக்கு அளிப்பது அக்காலப் பணியாளரின் பெருங்கவலையாக இருந்தது. உடலைக் காப்பதற்கு முன் ஆன்மாவைக் காப்பது என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. ஆனால் பயிற்சி பெற்ற மருத்துவச்சியின் வருகை அந்த வரிசையை நடைமுறையில் மாற்றியது. இறக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவதைவிட, குழந்தை இறவாமல் பார்த்துக்கொள்வது அவள் தொழிலாயிற்று.

பாட்னாவிலிருந்து கல்கத்தாவுக்கு

1943இல் குளோரியின் தலைமையில் பதினாறு அருள்சகோதரியர் கூடிக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினர். சிதறிக் கிடந்த மருந்தகங்கள் ஓர் அமைப்புக்குள் வந்தன. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது குளோரியின் கனவு. 1957இல் அவர் பெங்களூரில் மறைந்தார், புனித யோவான் மருத்துவக் கல்லூரி அதே நகரில் 1963இல் தொடங்கப்பட்டது.

டெங்கலின் கிளையிலிருந்து உலகறிந்த இன்னொரு வரலாறு பிரிகிறது. 1948 ஆகஸ்டில் லொரேட்டோ மடத்தைவிட்டு வெளியேறிய அன்னை தெரேசா, கல்கத்தாவின் சேரிக்கு நேராகச் செல்லவில்லை. முதலில் பாட்னாவுக்குச் சென்றார். அங்கே மருத்துவ மறைபரப்புச் சகோதரியரின் திருக்குடும்ப மருத்துவமனையில் சில மாதங்கள் அடிப்படை மருத்துவப் பயிற்சி பெற்றார். பிரசவங்களையும் விபத்துகளையும் நோய்ப் படுக்கைகளையும் அருகிருந்து பார்த்தார். சோறும் உப்பும் மட்டும் உண்டு வாழலாம் என்றெண்ணிய அவரைப் பாட்னாச் சகோதரியர் கண்டித்துத் திருத்தினர் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஏழைகளுக்கு உழைப்பவர் நோயில் விழலாகாது என்ற மருத்துவ அறிவு அது. அன்பு பயிற்சியையும் கேட்கிறது என்று கண்டுகொண்ட ஒரு மரபின் மாணவியாக அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1955இல் சிசு பவன் திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட குழந்தைகளும் குறைமாதத்தில் பிறந்தவர்களும் அங்கே வந்து சேர்ந்தனர்.

1971: இரண்டு கவலைகளின் மோதல்

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடன்றிச் செய்யப்படும் கருக்கலைப்பைக் குற்றமாக்கியிருந்தது; அப்பெண்ணும் குற்றவாளியே. சட்டம் தடுத்ததால் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை. மறைவிடங்களுக்குச் சென்றது. 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு 1966இல் அளித்த அறிக்கை, பயிற்சியற்றோர் கையில் பெண்கள் அடைந்த துன்பத்தை முன்வைத்துச் சட்டத்தைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, 20 வாரம் வரை இருவரின் கருத்து போதுமாயிற்று. மணமான பெண்ணுக்குக் கருத்தடை தவறிய நிலையும் ஒரு காரணமாக ஏற்கப்பட்டது. அரசு இதனை நலவாழ்வு நடவடிக்கை என்றே விளக்கியது. மக்கள்தொகைக் கவலை பின்னணியில் ஒலித்ததை அக்கால விவாதங்கள் மறைக்கவில்லை.

திருச்சபை எதிர்த்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1968இல் ஆறாம் பவுலின் ‘மனித உயிர்’ சுற்றுமடலும் கூறிய நிலைப்பாட்டிலிருந்து அது விலக வாய்ப்பில்லை. ஆனால் அவ்விவாதத்தைச் சற்றுத் தள்ளி நின்று நோக்கினால் ஒன்று புலப்படும். ஷா குழுவின் கவலையும் மெக்லாரனின் கவலையும் ஒரே படுக்கையருகே பிறந்தவை: உரிய கைகள் அருகில் இல்லாததால் இறக்கும் பெண். அரசு அதற்குக் கண்ட விடையில் கரு கணக்கில் வரவில்லை என்றது திருச்சபை. திருச்சபையின் மறுப்பில் மறைவிடத்தில் இறந்த பெண் கணக்கில் வரவில்லை என்றனர் சட்டத்தை ஆதரித்தோர். இரு குற்றச்சாட்டுகளிலும் உண்மை இருந்தது.

தத்தெடுப்பு என்னும் விடை

1979 டிசம்பரில் ஆஸ்லோவில் நிகழ்த்திய நோபல் உரையில் அன்னை தெரேசா கருக்கலைப்பைக் கடுமையாகச் சாடினார். அத்துடன், அதைத் தத்தெடுப்பால் எதிர்கொள்வதாகவும், மருத்துவமனைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் குழந்தையை அழிக்க வேண்டாம், தாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லியனுப்புவதாகவும் கூறினார். உலகம் முதற்பகுதியை நினைவில் வைத்தது. இந்திய வரலாற்றுக்கு இரண்டாம் பகுதியே முக்கியமானது. தடைக்கு ஈடாக ஒரு தொட்டிலை முன்வைத்த வாக்கு அது. 1992இல் தமிழக அரசு பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசும் இவ்வழியையே தேர்ந்தது.

ஆனால் அந்த வாக்குக்கு ஒரு சட்டத் தடை இருந்தது. 1956இன் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கும் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் மட்டுமே உரியது. கிறிஸ்தவத் தம்பதியர் 1890இன் காப்பாளர் சட்டத்தின்கீழ்க் காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது; குழந்தை வயது வந்ததும் அவ்வுறவு சட்டப்படி முடிந்துவிடும், வாரிசுரிமை தானாக வராது. கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறிய மறு ஆண்டில், 1972இல், எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, அது சட்டமாகவில்லை. தத்தெடுங்கள் என்று திருச்சபை ஊருக்கெல்லாம் சொன்ன காலத்தில், அதன் சொந்த மக்கள் முழுப்பொருளில் தத்தெடுக்க நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. 2000இன் சிறார் நீதிச் சட்டமும் 2006இன் திருத்தமுமே கதவைத் திறந்தன. எச்சமயத்தாரும் அச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தெளிவுபடுத்தியது.

அடுத்த ஆண்டே இன்னொரு முரண் எழுந்தது. 2015இன் புதிய வழிகாட்டு நெறிகள் மணமாகாதோரும் மணமுறிவு பெற்றோரும் தத்தெடுப்பதை எளிதாக்கின. அதை ஏற்க மனமின்றி அன்பின் பணியாளர் சபை தன் தத்தெடுப்பு மையங்களின் ஏற்பைக் கைவிட்டது. குழந்தைக்கு வீடு வேண்டும் என்ற போதனையும், அவ்வீடு எத்தகைய குடும்பமாக இருக்க வேண்டும் என்ற போதனையும் எதிரெதிரே நின்றபோது பின்னது வென்றது. 1936க்கு முன் தூய்மை பற்றிய விதி பிரசவ அறையின் வாசலை அடைத்ததை அறிந்தோர்க்கு, இந்த முடிவு புதிதாகத் தோன்றாது.

பொதுவான நிலம்

மாற்றுத் தரப்பினரும் கத்தோலிக்க அறமும் கைகோத்த இடமும் உண்டு. கருவின் பாலினத்தை அறிந்து பெண் கருவை அழிக்கும் வழக்கம் 1980களில் நகரங்களில் பரவியது. அதற்கு எதிராக முதலில் திரண்டவை பெண்ணிய இயக்கங்கள். அவர்கள் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவாறே பாலினத் தேர்வை எதிர்த்தனர். திருச்சபை இரண்டையும் எதிர்த்தது. 1994இல் நிறைவேறிய பாலினத் தெரிவுத் தடைச் சட்டத்தை இரு தரப்பும் வரவேற்றன. ஆயினும் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2001இல் 927ஆகச் சரிந்தது. பெண் பிறந்தால் சுமை என்று நம்பும் வீட்டில் தடை மட்டும் போதாது என்பதற்கு அந்த எண்ணே சான்று.

பிறவாத குழந்தையை ஆதரிக்கும் வழிகள் எவை என்ற வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை பழையது, எளியது: தாய்க்கு உணவு, இரத்தசோகைக்கு மருந்து, அருகில் மருத்துவமனை, பயின்ற மருத்துவச்சி, ஊதியத்துடன் விடுப்பு, மணமாகாத தாய்க்கு வசையற்ற புகலிடம், வளர்க்க இயலாதவளுக்குச் சட்டத்தின் துணையுள்ள தத்தெடுப்பு. இவற்றுட் பலவற்றை இன்று அரசே மேற்கொள்கிறது. 1961இன் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, விடுப்பு 26 வாரமாயிற்று. முறைசாராத் தொழிலில் உள்ள பெரும்பாலான பெண்களுக்கு அது எட்டாக்கனியே. 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனா மருத்துவமனைப் பேற்றை ஊக்குவித்தது. 2014-16இல் இலட்சம் பிறப்புக்கு 130ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018-20இல் 97ஆகக் குறைந்தது. தாய் பிழைக்கும் இடத்தில் சேயும் பிழைப்பது மிகுதி. உயிர்காப்பு அறத்தின் பெயரில் எந்த முழக்கமும் இன்றி நிகழ்ந்த உயிர்காப்பு இது.

2021இன் சட்டத் திருத்தம் குறிப்பிட்ட சில பெண்களுக்குக் கருக்கலைப்பு வரம்பை 24 வாரமாக உயர்த்தியது; 2022இல் உச்ச நீதிமன்றம் அப்பயன் மணமாகாத பெண்களுக்கும் உண்டு என்றது. திருச்சபையின் எதிர்ப்பு தொடர்கிறது. இருதரப்பின் அடிப்படைக் கருத்து வேறுபாடு தீரப்போவதில்லை. கரு யார் என்ற வினாவுக்கு இருவரும் ஒரே விடையைத் தர மாட்டார்கள். எனினும் கருவுற்ற பெண்ணின் அருகே யார் நிற்கப் போகிறார்கள் என்ற வினா இருவருக்கும் பொதுவானது. கத்தோலிக்க மரபு அவ்வினாவைத் தன் மகளிரிடமிருந்தே கற்றுக்கொண்டது. மெக்லாரன் உரோமைக்கு எடுத்துச்சென்ற விண்ணப்பத்துக்கு விடை வர, அவர் மறைந்தபின் மேலும் 23 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட ஆண்டுகளில் இராவல்பிண்டியிலும் பிற ஊர்களிலும் துணையின்றி இறந்த தாய்மாரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. கருவுயிரின் புனிதத்தைப் பேசும் எவரும் தம் கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் அவர்களுடைய படுக்கையருகேதான்.